கைவிட்ட பந்து, கைநழுவிய மட்டை: பேஸ்பால் மைதானத்தில் எது உங்களுக்குச் சொந்தம்?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. சேப்பாக்கத்தில் சிக்ஸர் பறந்து வந்து மடியிலேயே விழுந்தாலும், பந்தை ஒரு கணம் உருட்டிப் பார்த்துவிட்டு மைதானத்துக்குள் எறிந்துவிடுவோம். அது ஆட்டத்தின் சொத்து, நமக்கு அதில் பாத்தியதை கிடையாது என்பது யாரும் சொல்லித் தராமலே தெரிந்த சங்கதி. அமெரிக்காவுக்கு வந்து முதன்முதலாக பேஸ்பால் பார்க்கப் போனபோது என் கையும் அதையே செய்தது.

மூன்றாவது பேஸ் (ஆட்டக்காரர்கள் ஓடித் தொட வேண்டிய முனை) பக்கம், இருபதாவது வரிசை. மட்டையின் விளிம்பில் பட்டு எழும்பிய பந்து எங்கள் தலைக்கு மேலே போய், பின்வரிசைக் கான்கிரீட்டில் மோதி, படிகளில் தத்தித் தத்தி இறங்கி என் இருக்கைக்கு அடியில் வந்து நின்றது. எடுத்தேன். எழுந்து நின்று மைதானத்துக்குள் எறிந்தேன். கைதட்டுவார்கள் என்று நினைத்த இடத்தில் சுற்றியிருந்த அத்தனை பேரும் ‘அடடா’ என்று பெருமூச்சு விட்டார்கள். பக்கத்து இருக்கை மூதாட்டி என் முழங்கையைப் பிடித்து, “அது உன்னுடைய பந்து, மகனே” என்றார். சற்று நேரத்தில் அரங்கப் பணியாளர் ஒருவர் வந்து, மைதானத்துக்குள் எதையும் எறியக் கூடாது, மறுபடி எறிந்தால் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். அந்தப் பந்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. புதிதாக மைதானத்துக்குப் போகிற யாருக்கும் அப்படி ஒரு குறை வந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு கேள்வி

பார்வையாளர் மாடத்தில் வந்து விழும் எந்தப் பொருளைக் கண்டாலும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இது உரியவர் கைவிட்ட பொருளா, அவர் கையிலிருந்து நழுவிய பொருளா?

அடிக்கப்பட்டு மாடத்துக்குள் வந்த பந்து கைவிட்ட பொருள். வீரர் வேண்டுமென்றே ரசிகரை நோக்கி எறியும் பந்தும் அப்படியே. ஆனால் வீசும்போது வியர்வையில் வழுக்கிப் பறந்து வந்த மட்டையோ, பந்தைப் பிடிக்கத் தடுப்புச் சுவரில் பாய்ந்தவரிடமிருந்து கழன்று விழுந்த கையுறையோ கைநழுவிய பொருள். அதை யாரும் உங்களுக்குக் கொடுக்கவில்லை. தெருவில் ஒருவர் தவறவிட்ட பணப்பை எப்படி அவருடையதாகவே இருக்கிறதோ, அப்படித்தான் இதுவும். பேஸ்பால் மைதானத்தில் பந்துக்கு ஒரு நியாயம், மற்றப் பொருள்களுக்கு வேறு நியாயம் என்று புதியவர்களுக்குத் தோன்றும் குழப்பமெல்லாம் இந்த ஒரு கேள்வியில் தெளிந்துவிடும்.

பந்தைப் பொறுத்தவரை நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. பேஸ்பால் வீரர் பாரி பாண்ட்ஸ் 2001-ஆம் ஆண்டில் அடித்த 73-ஆவது ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லைச் சுவரைத் தாண்டும் அடி) பந்துக்காக நடந்த வழக்கில், மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நீதிபதி கெவின் மெக்கார்த்தி தீர்ப்பளித்தார். அடிபடும் வரை பந்து பேஸ்பால் லீகின் உடைமை. அடிபட்ட கணத்தில் அது வேண்டுமென்றே கைவிடப்பட்ட பொருளாகிவிடுகிறது. முதலில் அதைத் தன் வசமாக்கிக்கொள்பவரே புதிய உரிமையாளர். பிறகு அந்த வழக்குக்கு வருகிறேன்.

லீக் ஏன் பந்தைக் கைவிடுகிறது? கிரிக்கெட்டில் பந்து தேயத் தேயத்தான் சுழலுக்கும் ஸ்விங்குக்கும் கதை பிறக்கிறது; டெஸ்ட் ஆட்டத்தில் 80 ஓவர் வரை ஒரே பந்தைக் காப்பாற்றுகிறோம். பேஸ்பாலில் ஒரு சிராய்ப்பு விழுந்தாலே அம்பயர் பந்தை மாற்றிவிடுவார். இதற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1920 ஆகஸ்ட்டில் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ரே சாப்மன் என்ற கிளீவ்லாந்து வீரரின் தலையில் பந்து பட்டு, மறுநாள் அவர் இறந்துபோனார். அழுக்கேறிக் கறுத்த பந்தை மாலை வெளிச்சத்தில் அவரால் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று பேசப்பட்டது. பிறகு பந்துகளை அடிக்கடி மாற்றுவது வழக்கமாயிற்று. இன்று ஓர் ஆட்டத்துக்கு நூறு பந்துகளாவது செலவாகின்றன. மாடத்துக்குப் போன பந்து திரும்பி வந்தாலும் ஆட்டத்துக்கு அதனால் பயன் இல்லை.

இந்த உரிமை வந்த கதை

ரசிகர்களுக்கு இது தானாக வந்த வரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் பந்தைத் திருப்பிக் கொடுக்காதவரைக் காவலர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். சிகாகோ கப்ஸ் அணியின் உரிமையாளர் சார்லஸ் வீக்மன் 1916-ல், வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டது அன்றைக்குப் பெரிய தாராளம். மற்ற முதலாளிகள் பந்தின் விலையைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1921 மே மாதம், சாப்மன் அடிபட்ட அதே போலோ கிரவுண்ட்ஸ். ரூபன் பெர்மன் என்ற ரசிகர் கைக்கு ஒரு பந்து வந்தது. பணியாளர்கள் கேட்டார்கள். அவர் அவர்களிடம் கொடுக்காமல் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டார். அலுவலகத்துக்கு இழுத்துப்போய் மிரட்டி, டிக்கெட் பணத்தைக் கையில் திணித்து வெளியே தள்ளினார்கள். பெர்மன் நியூயார்க் ஜெயன்ட்ஸ் மீது வழக்குப் போட்டார். ஜூரி 100 டாலர் இழப்பீடு கொடுத்தது. அது அவமானத்துக்கான இழப்பீடு. பந்து யாருக்குச் சொந்தம் என்று அந்த வழக்கு தீர்மானிக்கவில்லை. ஆனாலும், ஒரு பந்துக்காக ரசிகரைப் பகைத்துக்கொண்டால் நஷ்டம் தங்களுக்குத்தான் என்பது அணிகளுக்குப் புரிந்தது. அதே பத்தாண்டில் பிலடெல்பியாவில் பந்தைத் தரமறுத்த ஒரு சிறுவனை இரவு முழுக்கக் காவலில் வைத்தார்கள். நீதிபதி அவனை விடுவித்தார். ஊர் முழுக்க அணியைத் திட்டியது. இப்படிப் படிப்படியாகத்தான் பந்து ரசிகருக்கு என்ற வழக்கம் நிலைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மட்டும் ரசிகர்கள் தாங்களாகவே பந்துகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவை போர்வீரர்களின் முகாம்களுக்கு விளையாடப் போயின.

படி 1: இருக்கையைத் தேர்ந்தெடுப்பது

பந்து வேண்டுமென்றால் வலை எங்கே முடிகிறது என்று பாருங்கள். 2020 முதல் 30 அணிகளின் மைதானங்களிலும் பாதுகாப்பு வலை, வீரர்கள் உட்காரும் டக்அவுட்டுகளைத் தாண்டி நீண்டிருக்கிறது. வலைக்குப் பின்னால் முதல் வரிசைகளில் உட்கார்ந்தால் ஆட்டம் அழகாகத் தெரியும், பந்து வருவது அபூர்வம். வலைக்கு மேலே வளைந்து விழும் ஃபவுல் பந்துகள் (ஆட்டக் கோடுகளுக்கு வெளியே போகும் அடிகள்) முதல் பேஸ், மூன்றாவது பேஸ் பக்கத்து மேல்தள முன்வரிசைகளுக்கு அதிகம் வரும். வேகப் பந்துக்குத் தாமதமாக மட்டையை வீசும் வலக்கை ஆட்டக்காரரின் ஃபவுல் முதல் பேஸ் பக்கம் போகும். இடக்கைக்காரர் என்றால் மூன்றாவது பேஸ் பக்கம். ஹோம் ரன் பந்துதான் வேண்டும் என்பவர்கள் மைதானத்தின் தொலைவு முனையில், வெளிக்களச் சுவருக்குப் பின்னால் உட்கார வேண்டும்.

இன்னும் எளிய வழி, சீக்கிரம் போவது. ஆட்டத்துக்கு முன் நடக்கும் மட்டைப் பயிற்சியின்போது மாடங்கள் காலியாக இருக்கும், பந்துகள் மழையாகப் பொழியும். அவையும் உங்களுக்கே. கதவு எப்போது திறக்கும் என்பது அணிக்கு அணி மாறும். டிக்கெட் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கையுறை கொண்டுபோகலாம். பெரியவர்கள்கூடக் கொண்டுவருவார்கள், கூச்சப்பட வேண்டாம்.

படி 2: பந்து வருகிறது

இந்தப் படியை அவசரமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள். பேஸ்பால் பந்தின் எடை 142 முதல் 149 கிராம். கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே குறைவு. மட்டையிலிருந்து நேர்கோட்டில் வரும் ஃபவுல் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடும். 2017-ல் நியூயார்க்கில் ஒரு குழந்தையின் முகத்தில் அப்படி ஒரு பந்து பட்டது. 2018-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் தலையில் பந்து பட்ட 79 வயதுப் பெண்மணி இறந்துபோனார். வலைகள் நீண்டதற்கு இவைதான் காரணம். அடிபடும் ஆபத்தை நீங்களே ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று டிக்கெட்டின் நிபந்தனைகளில் எழுதியிருக்கும். அமெரிக்க நீதிமன்றங்களும் பெரும்பாலும் நூறாண்டுக்கு மேலாக அதை ஏற்றே வந்திருக்கின்றன.

எனவே பிட்சர் (பந்து வீசுபவர்) வீசக் கையைத் தூக்கும்போது கைப்பேசி மடியில் இருக்கட்டும், கண் மட்டையில் இருக்கட்டும். குழந்தை உடன் வந்தால் வலைக்குப் பின்னால் உட்காருங்கள். பந்து கிடைக்காமல் போனால் பரவாயில்லை. உயரமாக எழும்பி வரும் பந்தை இரு கைகளாலும் பிடிக்கலாம். நேர்கோட்டில் வருவதை வெறுங்கையால் பிடிக்க நினைக்காதீர்கள். குனிந்துகொள்ளுங்கள், அது எங்காவது மோதித் தரையில் உருளும்போது எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: கை எங்கே நிற்க வேண்டும்

தடுப்புச் சுவரின் மேல்விளிம்பை ஒரு கோடாக எண்ணிக்கொள்ளுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் உங்கள் ராஜ்யம். ஒரு வீரர் சுவருக்கு இப்பால் கையை நீட்டிப் பந்தைப் பிடிக்க வந்தால், அது அவருடைய துணிச்சல். நீங்கள் பிடித்தாலும் குற்றமில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நீங்கள் கையை நீட்டி, அவர் பிடிக்க வேண்டிய பந்தைத் தடுத்தால், அது பார்வையாளர் குறுக்கீடு. அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி, உங்கள் கை இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்குமோ அதையே தீர்ப்பாகச் சொல்வார். மட்டையாளர் அவுட் ஆகலாம். நீங்கள் வெளியேற்றப்படலாம். ஃபவுல் கோட்டையொட்டி உள்ளே உருண்டு வரும் பந்தைக் குனிந்து அள்ளுவதும் இதே தவறுதான். அது இன்னும் ஆட்டத்தில் இருக்கும் பந்தாக இருக்கலாம்.

மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன். 1996 அக்டோபர் 9 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் டெரிக் ஜீட்டர் உயர அடித்த பந்து வலக்களச் சுவரை நெருங்கியது. பால்டிமோர் வீரர் டோனி டராஸ்கோ சுவரடியில் கையுறையை உயர்த்திக் காத்து நின்றார். மேலிருந்து 12 வயதுச் சிறுவன் ஒருவன் கையுறையை நீட்டிப் பந்தை மாடத்துக்குள் இழுத்துவிட்டான். அம்பயர் ரிச் கார்சியா அதை ஹோம் ரன் என்றார். ஆட்டம் சமநிலைக்கு வந்தது, ஜீட்டரின் அணியான யாங்கீஸ் 11-ஆவது இன்னிங்ஸில் வென்றது. இன்றைக்கு வீடியோ மறுபரிசீலனை இருக்கிறது. அந்தத் தீர்ப்பு நின்றிருக்காது.

2003 அக்டோபர் 14, சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட். கப்ஸ் 3-0 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் ஐந்து அவுட் எடுத்தால் 1945-க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடர் (லீகின் இறுதிப் போட்டித் தொடர்). இடக்களச் சுவரோரம் வந்த ஃபவுல் பந்துக்கு மொய்சஸ் அலூ தாவினார். முன்வரிசை ரசிகர்கள் சிலரும் கை நீட்டினார்கள், அதில் ஒருவர் கையில் பந்து பட்டுப் பிடி தவறியது. பந்து மாடத்தின் பக்கம்தான் இருந்தது, குறுக்கீடு இல்லை என்று அம்பயர் சொல்லிவிட்டார். விதிப்படி அந்த மனிதர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் அந்த இன்னிங்ஸில் புளோரிடா மார்லின்ஸ் 8 ரன் எடுத்து வென்றது; கோபமெல்லாம் அவர் தலையில் விழுந்தது. காவலர்கள் சூழ்ந்து அவரை வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதன்பிறகு அவர் பொதுவெளியிலேயே முகம் காட்டவில்லை. பந்தை ஏலத்தில் எடுத்து, 2004-ல் ஊரறிய வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2016-ல் கப்ஸ் உலகத் தொடரை வென்ற பிறகு, 2017-ல் அணி அவருக்கும் ஒரு வெற்றி மோதிரம் அளித்தது. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. உங்கள் சொந்த அணியின் வீரர் பந்துக்காகச் சுவரை நோக்கி ஓடிவந்தால், விதி இடம் கொடுத்தாலும், ஓரடி பின்னுக்கு நகர்ந்து அவருக்கு வழிவிடுங்கள். முன்வரிசை ரசிகர்களிடையே இது எழுதாத மரியாதை.

மூன்றாவது, 2024 அக்டோபர் 29. உலகத் தொடரின் நான்காவது ஆட்டம், மீண்டும் யாங்கி ஸ்டேடியம். டாட்ஜர்ஸ் வீரர் மூக்கி பெட்ஸ் சுவரோரம் தாவிப் பந்தைப் பிடித்துவிட்டார். முன்வரிசையில் இருந்த ஒருவர் அவருடைய கையுறையை இரு கையாலும் பற்றிப் பிரித்துப் பந்தைப் பிடுங்கினார். பக்கத்தில் இருந்தவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மட்டையாளர் அவுட். இருவரும் வெளியேற்றப்பட்டார்கள், மறுநாள் ஆட்டத்துக்கும் அனுமதி இல்லை. பிறகு லீகின் எல்லா மைதானங்களிலும் காலவரையின்றித் தடை விதிக்கப்பட்டது. கையுறைக்குள் இருக்கும் பந்தை யாரும் கைவிடவில்லை. வீரரின் உடம்பில் கை வைப்பதை எந்த ஊர் விதியும் பொறுக்காது.

படி 4: பந்து கைக்கு வந்த பிறகு

உடனே அக்கம்பக்கத்தில் யாருக்கும் அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பந்து யார் மீதாவது பட்டுத் தெறித்து உங்களிடம் வந்திருந்தால், வலியைத் தாங்கியவருக்கே அதைக் கொடுத்துவிடுவது முறை.

தரையில் உருளும் பந்தை முதலில் உறுதியாகக் கையில் எடுத்தவருக்கே அது சொந்தம். எடுத்தவரிடமிருந்து பிடுங்குவது தவறு; இவர் என் பந்தை எடுத்துவிட்டார் என்று வாதாடுவதும் வீண். 2025 செப்டம்பரில் மயாமியில், மாடத்தில் விழுந்த பிலடெல்பியா வீரர் ஹாரிசன் பேடரின் ஹோம் ரன் பந்தை ஒரு தந்தை எடுத்துவந்து மகனின் கையுறையில் வைத்தார். ஒரு பெண்மணி வந்து, அது தன் பக்கம் விழுந்தது என்று சத்தம் போட, தகராறு வேண்டாம் என்று தந்தை பந்தைக் கொடுத்துவிட்டார். சிறுவனின் முகம் வாடியதை நாடே திரையில் பார்த்தது. ஆட்டம் முடிந்ததும் பேடரே அவனைச் சந்தித்துக் கையெழுத்திட்ட மட்டை ஒன்றைக் கொடுத்தார்.

இன்னிங்ஸ் முடிந்து டக்அவுட்டுக்குத் திரும்பும் வீரர் ஒரு குழந்தையைப் பார்த்துப் பந்தை எறிந்தால், அது அந்தக் குழந்தைக்காக அவர் கைவிட்ட பந்து. குறி தவறி உங்கள் கைக்கு வந்தாலும் குழந்தையிடம் சேர்த்துவிடுங்கள். நீங்களாகப் பிடித்த பந்தைப் பக்கத்தில் இருக்கும் சிறுவனுக்குக் கொடுப்பது அழகான காரியம், கட்டாயம் அல்ல. முதல் பந்து என்றால் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தென்கொரியாவின் பூசான் நகரில் மட்டும் கதை வேறு. அங்கே பெரியவர் ஒருவர் ஃபவுல் பந்தைப் பிடித்தால், “குழந்தைக்குக் கொடு” என்று மாடம் முழுக்க அந்த ஊர்ப் பேச்சில் கோஷம் எழும், கொடுக்கும்வரை ஓயாது. ஜப்பானில் பந்து மாடத்துக்கு வரும்போது பணியாளர்கள் விசில் ஊதி எச்சரிப்பார்கள். முன்பு பல மைதானங்களில் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள், இப்போது பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். அங்கே போகிறவர்கள் அந்த மைதானத்தின் அறிவிப்புப் பலகையைப் படித்துவிடுவது நல்லது.

திருப்பி எறிவது பற்றி ஒரு வார்த்தை. நான் செய்ததுபோல ஃபவுல் பந்தை எறிய வேண்டாம். ஆனால் ரிக்லி ஃபீல்டில் எதிரணி அடித்த ஹோம் ரன் பந்து விழுந்தால், “எறி, எறி” என்று கூட்டமே கத்தும். அது அங்கே பழைய மரபு. சிலர் இதற்கென்றே இன்னொரு சாதாரணப் பந்தைப் பையில் கொண்டுவந்து, அதை எறிந்துவிட்டு உண்மையானதை வைத்துக்கொள்கிறார்கள். எறிவதும் எறியாததும் உங்கள் விருப்பம். வேறு மைதானங்களில் இதைச் செய்தால் வெளியேற்றப்படலாம்.

படி 5: மட்டை வந்து விழுந்தால்

கடந்த கோடையில் ஒரு பகல் ஆட்டம். வீசிய வேகத்தில் மட்டை கைநழுவி, விசிறிபோலச் சுழன்றபடி எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் வந்து காலி இருக்கையின் முதுகில் மோதி நின்றது. அங்கிருந்த தாத்தா ஒருவர் அதை எடுத்தார். பிடியில் பைன் மரத்தின் தார் கருப்பாக அப்பியிருந்தது. அவர் விரல்கள் அதில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. மட்டையின் வயிற்றுப் பகுதியில் பந்து பட்ட இடங்களில் தையலின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அடிக்குமிழில் மையால் எழுதிய வீரரின் எண்ணைத் தாத்தா கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அந்த இன்னிங்ஸ் முடிந்ததும் ஒரு பணியாளர் படியிறங்கி வந்து, தாத்தாவின் முழங்காலருகே குந்தி உட்கார்ந்தார். கையில் இன்னொரு மட்டை. “ஐயா, அவருக்கு இந்த மட்டைதான் ராசி. இதைத் திருப்பித் தர முடியுமா? பதிலுக்கு இதை அனுப்பியிருக்கிறார்” என்றார். தாத்தா பழைய மட்டையை இன்னொரு முறை உயர்த்திப் பார்த்தார், கொடுத்தார். டக்அவுட்டின் படியில் நின்ற வீரர் தொப்பியைக் கழற்றி அவரைப் பார்த்து அசைத்தார். எனக்குப் பந்து விழுந்த நாளைவிட அந்த நிமிடம்தான் மனத்தில் நிற்கிறது.

பெரும்பாலான மைதானங்களில் நடப்பது இதுதான். மட்டை வந்தால் அதை மறைக்காதீர்கள், எடுத்துக்கொண்டு வெளியேறாதீர்கள். மட்டையின் நீளம், எடை, பிடியின் தடிமன் எல்லாம் ஒவ்வொரு வீரரும் தனக்கென்று சொல்லிச் செய்வித்தவை. அதில் கைக்குப் பழகியது ஒன்றிரண்டுதான் இருக்கும். பணியாளர் வரும்வரை மடியில் வைத்திருங்கள். வந்தவர், “வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டால் அந்தக் கணத்தில் அது கைவிட்ட பொருளாகிவிட்டது. மகிழ்ச்சியாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு வேறொரு மட்டையோ கையெழுத்திட்ட பந்தோ கிடைக்குமா என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. பெரும்பாலும் கேட்பதற்கு முன்பே கொண்டுவருவார்கள்.

உடைந்த மட்டையின் துண்டு வேறு. அது யாருக்கும் இனி பயன்படாது என்பதால் பொதுவாக வைத்துக்கொள்ள விடுவார்கள். ஆனால் மேப்பிள் மரம் உடைந்தால் முனை ஈட்டிபோல இருக்கும். 2015 ஜூனில் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் உடைந்து பறந்த மட்டை பட்டு ஒரு பெண்மணி உயிருக்குப் போராடினார். துண்டைக் கையில் எடுக்குமுன் பக்கத்தில் யாருக்காவது இரத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

கையுறை, தலைக்கவசம், மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சரின் முகமூடி, தொப்பி இவற்றில் யோசிக்கவே வேண்டாம். விழுந்ததும் நீட்டிவிடுங்கள். கையுறையைப் பல மாதங்கள் பழக்கி, எண்ணெய் தடவித் தன் கைக்கு ஏற்ப மடித்து வைத்திருப்பார்கள். அடுத்த பந்துக்கே அது தேவைப்படும்.

படி 6: சாதனைப் பந்து உங்கள் கையில் விழுந்தால்

வாழ்நாளில் ஒருமுறைகூட நேராமல் போகலாம். நேர்ந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஒரு பெரிய எண்ணிக்கையை வீரர் நெருங்கும்போது, ஆட்டத்துக்கு வரும் பந்துகளில் முன்கூட்டியே ரகசிய அடையாளம் இட்டுவைப்பார்கள். 2001-ல் தொடங்கிய லீகின் சான்றளிப்புத் திட்டத்தின் ஆள் மைதானத்திலேயே இருப்பார். அவர் பார்த்து, ஹாலோகிராம் ஒட்டினால்தான் நாளை அந்தப் பந்து இன்ன பந்து என்று உலகம் நம்பும். ஆகவே முதல் வேலை, பந்தை யார் கையிலும் கொடுக்காமல், பையில் மற்றப் பந்துகளோடு கலக்காமல், மைதானத்தை விட்டு வெளியேறாமல் சான்றுக்குக் காத்திருப்பது.

அணியின் ஆட்கள் வந்து பரிமாற்றம் பேசுவார்கள். பந்து உங்களுடையது, கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. 2024 ஏப்ரலில் ஷோஹெய் ஒஹ்தானி டாட்ஜர்ஸ் அணிக்காக அடித்த முதல் ஹோம் ரன் பந்தை எடுத்த பெண்மணி, கணவரிடமிருந்து தன்னைத் தனியே பிரித்துப் பேசி, சான்றளிக்க மாட்டோம் என்று அழுத்தம் கொடுத்து, தொப்பிகளையும் கையெழுத்திட்ட பந்தையும் மட்டையையும் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள் என்று பிறகு சொன்னார். எனவே தனியாகப் போகாதீர்கள். குடும்பத்தாரையோ நண்பரையோ உடன் வைத்துக்கொண்டு, “யோசிக்க நேரம் வேண்டும்” என்று சொல்லுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

விலை எப்படிப் போகிறது என்று பாருங்கள். மார்க் மெக்வயர் 1998-ல் அடித்த 70-ஆவது ஹோம் ரன் பந்து ஏறத்தாழ 30 லட்சம் டாலர். ஆரன் ஜட்ஜ் 2022-ல் அடித்த 62-ஆவது, 15 லட்சம் டாலர். ஒஹ்தானி 2024 செப்டம்பர் 19 அன்று மயாமியில் அடித்த 50-ஆவது, 43.92 லட்சம் டாலர். 2015-ல் அலெக்ஸ் ரோட்ரிகஸின் 3000-ஆவது ஹிட் பந்தை எடுத்த ரசிகர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்; பந்தை அவர் திருப்பிக் கொடுக்க, சிறுவர்களுக்கு விளையாட்டுக் கருவிகள் தரும் ஓர் அறக்கட்டளைக்கு யாங்கீஸ் 1,50,000 டாலர் வழங்கியது. விற்றால் வருமான வரி உண்டு. கணக்காளரைக் கேட்டுவிட்டு விற்கவும். உடனே திருப்பிக் கொடுத்துவிடுபவருக்கு வரி இல்லை என்று 1998-லேயே அமெரிக்க வரித்துறை விளக்கிவிட்டது.

இப்போது பாண்ட்ஸின் 73-ஆவது பந்து. 2001 அக்டோபர் 7, சான் பிரான்சிஸ்கோ. போபோவ் என்பவரின் கையுறை நுனியில் பந்து விழுந்தது. பிடியை இறுக்குவதற்குள் கூட்டம் அவர் மீது சரிந்து அவரை அமுக்கிவிட்டது. பந்து உருண்டது. அந்த நெரிசலில் தானும் தள்ளப்பட்டு விழுந்திருந்த ஹயாஷி என்பவர் அதை எடுத்துக்கொண்டார். அவர் யாரையும் தாக்கவில்லை. போபோவ் வழக்குப் போட்டார். பந்தை முழுமையாக வசப்படுத்தும் வாய்ப்பைச் சட்டவிரோதமான தள்ளுமுள்ளு போபோவிடமிருந்து பறித்தது, ஹயாஷியும் குற்றமற்றவர், ஆகவே இருவருக்கும் சம பங்கு என்று தீர்ப்பானது. 2003-ல் பந்து 4,50,000 டாலருக்குப் போனது, ஆளுக்குப் பாதி. போபோவின் வழக்கறிஞர் கேட்ட கட்டணமோ அந்த முழுத் தொகையையும் விட அதிகம். பந்துக்காக மாடத்தில் புரண்டு சண்டை போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

படி 7: வீட்டுக்குக் கொண்டுபோவது

பந்தில் லேசாகப் பழுப்பு படிந்திருக்கும். அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள். புதுப் பந்தின் வழுக்கல் போக, டெலவேர் ஆற்றுப் பக்கத்திலிருந்து எடுத்த மென்சேற்றை ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பந்திலும் தேய்க்கிறார்கள். அதன் கறை அது. கடையில் விற்கும் பந்தில் அந்த நிறம் இருக்காது. 108 இரட்டைத் தையல்களில் எங்காவது சிராய்ப்போ மட்டையின் தடமோ இருந்தால் அதுவும் அப்படியே இருக்கட்டும். தேதி, இரண்டு அணிகள், அடித்தவர், உங்கள் இருக்கை எண் எல்லாவற்றையும் அன்றிரவே ஒரு தாளில் எழுதி டிக்கெட்டோடு சேர்த்து வையுங்கள். பந்தின் மேலேயே எழுத வேண்டாம். வீரரிடம் கையெழுத்து வாங்கினால் பால்பாயின்ட் பேனா கொடுங்கள். மார்க்கர் மை தோலில் பரவி ஒன்றிரண்டு ஆண்டுகளில் எழுத்துத் தெரியாமல் போய்விடும். வெயில் படாத அலமாரியில் வைக்கவும்.

விமானத்தில் போகிறவர்கள் பந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். மட்டை கிடைத்த அதிர்ஷ்டசாலிகள் அதைச் செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு விதிப்படி மட்டைக்குக் கைப்பையில் இடமில்லை. தார் மற்றத் துணிகளில் ஒட்டும், பழைய துண்டு ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.